மடி மல்லாட்டை

அத்தியாயம் 5

ராஜாங்கத்தின் குட்டி யானை வண்டி அவலூர்பேட்டை கடைத்தெருவை விட்டு வெளியே வந்ததும் காஸ்பர் பைக்கை உதைத்தான். அது இருமியது. மறுபடி உதைத்தான்.

"சீக்கிரம்டா. சரக்கு வண்டிகூட உன்ன முந்துது," என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த அன்புக்கரசி.

"பெட்ரோல் போட்டா வண்டி ஓடும் மேடம். சம்பளம் போட்டா நானும் ஓடுவேன்."

"போன மாசம் போட்டனே."

"அது சம்பளமா? கோயில் காணிக்கைன்னு நெனச்சு உண்டியல்ல போட்டுட்டேன்."

பைக் கிளம்பியது. குட்டி யானையின் முதுகில் கேமரா ஸ்டாண்டும் குடையும் இரண்டு கூடைகளும் குலுங்கிக்கொண்டு போயின. முன்சீட்டில் வெள்ளைச் சட்டையில் ராஜாங்கம். அவனைத் தவறவிடாமல், அவன் கண்ணிலும் படாமல் போக வேண்டும். வெயில் அதற்குள் ரோட்டைக் காய்ச்ச ஆரம்பித்திருந்தது.

அன்புக்கரசியின் துப்பறியும் ஆபீஸ் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பஞ்சர் கடையின் மாடியில் இருக்கிறது. வருகிற கேஸ் எல்லாம் ஒரே ரகம். மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்குப் பழைய பழக்கம் ஏதாவது உண்டா. அவள் கல் குவாரியில் ஜல்லி உடைத்து வளர்ந்தவள். இந்தத் தொழில் அதைவிடச் சுலபம் என்பது அவள் கட்சி. குவாரியில் கல் பறந்து கண்ணில் விழும், இங்கே பொய் பறந்து காதில் விழும், அவ்வளவுதான் வித்தியாசம். காஸ்பர் அவளுக்கு இருக்கும் ஒரே உதவியாள். லாரி கிளீனராக இருந்தவன். வேவு பார்ப்பான், வண்டி ஓட்டுவான், வாயை மட்டும் மூட மாட்டான்.

இந்தக் கேஸ் கல்யாண கேஸ் அல்ல. இங்கே திருடு போவது யோசனை.

கொண்டுவந்தவள் மரியசெல்வி, காஸ்பரின் பெரியம்மா மகள். அவளும் புருஷன் ஆல்பர்ட்டும் திண்டிவனம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் மல்லாட்டை வறுத்து விற்கிறார்கள். ஊர் உலகம் வேர்க்கடலை என்று சொல்வதுதான் செஞ்சியில் மல்லாட்டை. மணல் போட்டு வறுப்பது ஆல்பர்ட். வெல்லப் பாகு காய்ச்சி உருண்டை பிடிப்பதும் பாக்கெட் போடுவதும் விற்பதும் மரியசெல்வி. இருவரும் குவாரியிலிருந்து வந்தவர்கள்தான். கடைக்கு வாசல் கிடையாது, போன்தான் வாசல். இன்ஸ்டாகிராமில் 'மரியா மல்லாட்டை' என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறாள். சென்னைக் கடைக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் ஆர்டர் போடுவார்கள்.

அந்த வாசலில்தான் யாரோ குழி வெட்டுகிறார்கள். மரியசெல்வி அடுத்த வாரம் என்ன வீடியோ போடலாம் என்று யோசித்து வைத்தால், அதே வீடியோ ராஜாங்கத்தின் 'கோட்டை ஸ்நாக்ஸ்' பக்கத்தில் முதலில் வந்துவிடுகிறது. நல்ல கேமராவில், சிரிக்க வைக்கும் வசனத்தோடு. பிறகு இவள் போட்டால் கீழே வந்து எழுதுகிறார்கள்: காப்பி. காப்பிக்காரி. பெரிய ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்த சென்னைக் கடைக்காரர், இனிமேல் ஒரிஜினல்காரரிடமே வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வீடியோவும் அப்படிப் போனால் கொட்டகையைக் காலி செய்துவிட்டு இருவரும் குவாரிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"கொட்டாய் போனாலும் போகுது மேடம்," என்றாள் மரியசெல்வி, முதல் நாள் மாடிக்கு வந்தபோது. "யாருன்னு தெரியணும். என் வீட்ல ஒக்காந்து என் சோத்த தின்னுட்டு யாரு இத செய்றாங்கன்னு தெரியணும்."

திட்டம் தெரிந்தவர்கள் அவளைத் தவிர மூன்று பேர். பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் விமல்ராஜ், கேமரா பிடிக்கும் நாத்தனார் எஸ்தர், புருஷன் ஆல்பர்ட்.

அன்புக்கரசி மூவருக்கும் மூன்று பொய் தயார் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோட்டை அடிவாரத்தில், மணலில் வறுப்பது என்று விமல்ராஜிடம். அனந்தபுரம் சந்தையில் உருண்டை பிடிப்பது என்று எஸ்தரிடம். பனமலை ஏரிக்கரையில் அவிச்ச மல்லாட்டை விற்பது என்று ஆல்பர்ட்டிடம். ராஜாங்கம் எந்த இடத்துக்குப் படம் பிடிக்கக் கிளம்புகிறானோ, அந்த இடத்தை அவனிடம் சொன்னவர்தான் திருடர்.

உண்மையான வீடியோவையும் அன்றைக்கே மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு முடிவு செய்தார்கள். விமல்ராஜ் போட்டுக் கொடுத்திருந்த திட்டத்தை மரியசெல்வி படித்துக் காட்டினாள். திங்கட்கிழமை கோட்டை, புதன்கிழமை வாழ்த்து, வெள்ளிக்கிழமை தள்ளுபடி.

"இதுல உன் கடை எங்க இருக்குது?" என்று கேட்டாள் அன்புக்கரசி. "கோட்டைய டூரிஸ்ட்டு காட்டிக்கிறான். தள்ளுபடிய ஜவுளிக் கடைக்காரன் காட்டிக்கிறான். நீ மட்டும் காட்டக்கூடியது இன்னா?"

"இன்னா இருக்குது மேடம், கையும் காலுந்தான்."

"அத காட்டு. மல்லாட்டை ஆய போயிருக்கியா?"

"போகாம? எங்கம்மா கூட போயிருக்கேன்."

"செடியிலருந்து காய ஆய்ஞ்சு முடிச்சு, கூலி அளந்து குடுத்தப்புறம் பொம்பளைங்க இன்னா செய்வாங்க?"

மரியசெல்வி சிரித்துவிட்டாள். "மடில ஒரு அள்ளு அள்ளிக்குவாங்க. கொல்லைக்காரரு அந்த நேரம் பாத்து மோட்டார் கொட்டாய் பக்கம் திரும்பிக்குவாரு."

"ஏன் திரும்பணும்?"

"பாத்தா கேக்கணும். கேட்டா அடுத்த தடவ எவளும் ஆய வர மாட்டா."

"அதான் வீடியோ. அவரு திரும்புறார், அதோட முடி. பாத்தும் பாக்காத மனுசன் கொல்லையில வாங்குன மல்லாட்டைன்னு கீழ எழுது. காசு குடுத்து வாங்கறவனுக்கு இந்தச் சரக்கு எந்தக் கையிலருந்து வருதுன்னு தெரியட்டும்."

"எங்க முதலாளியும் அப்படித்தான்," என்றான் டீ வாங்கி வந்த காஸ்பர், டம்ளர்களை வைத்துக்கொண்டே. "சம்பளம் குடுக்கற நாள் வந்தா மோட்டார் கொட்டாய் பக்கம் திரும்பிக்குவாங்க."

மூவரும் சிரித்தார்கள். மாடியில் அன்றைக்கு வேறு யாரும் இல்லை.

குட்டி யானை செஞ்சி ஊருக்குள் நுழைந்தது. வலது பக்கம் திரும்பினால் திருவண்ணாமலை ரோடு, கோட்டை.

"திரும்பும் பாருங்க," என்றான் காஸ்பர். "விமல்ராஜ்தான். கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு சினிமா தியேட்டருக்கு உள்ள போறவன் அவன். எப்படி நம்பறது?"

வண்டி திரும்பவில்லை. கூட்டு ரோட்டைத் தாண்டித் தெற்கே போனது.

"தப்பிச்சான். நாளைக்கு அவன்கிட்ட நான் மன்னிப்பு கேக்கணும். கண்ணாடிக்குப் பின்னால அவன் முழிச்சிருக்கானா தூங்கறானான்னே தெரியாது, எப்படிக் கேக்கறது?"

அனந்தபுரம் வந்தது. கடைத்தெருவில் வண்டி ஓரங்கட்டியது. காஸ்பர் ஒரு பழக்கடை மறைவில் பைக்கை நிறுத்தினான். எஸ்தரா? அண்ணன் பெண்டாட்டியின் பழைய புடவையை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு வந்து கேமரா பிடிக்கிறவள்.

ஆனால் யாரும் கேமராவை இறக்கவில்லை. டிரைவர் மட்டும் இறங்கி ஒரு பாத்திரக் கடைக்குள் போய், கையில் இரும்பு மரக்காவோடு வந்தான். கூலியும் தானியமும் அளக்கிற மரக்கா. விலைச் சீட்டுகூடக் கிழிக்காத புதுசு. வண்டி மறுபடி கிளம்பியது.

"அவிச்ச மல்லாட்டைய ஏரிக்கரையில எதுலடா அளப்பாங்க?" என்று கேட்டாள் அன்புக்கரசி.

"பேப்பர் பொட்டலந்தான். ஏன்?"

"மரக்கா வாங்கிட்டுப் போறானே."

"பெரிய மனுசன் மேடம். பொட்டலமும் பெருசா கட்டுவான்."

சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினான். அன்புக்கரசி சிரிக்கவில்லை. எப்போதும் திரும்பி அவள் சிரித்தாளா என்று பார்க்கிறவன் இந்தத் தடவை பார்க்கவில்லை.

பனமலைக்குப் பிரிகிற ரோட்டில் குட்டி யானை திரும்பியது.

காஸ்பர் பைக்கை மெதுவாக்கினான். "மாமா," என்றான். "எங்க ஆல்பர்ட் மாமாவா இப்படி?"

"கண்ணால பாத்துட்டு அப்புறம் பேசு."

ஏரிக்கு முன்னாலேயே பைக்கை ஒரு பனைமரத்தடியில் விட்டார்கள். கரை மேல் ஏறிப் பார்த்து வருவதாகச் சொல்லி அன்புக்கரசி முன்னால் போனாள். குன்றின் மேல் பழைய கோயில் வெயிலில் வெளுத்து நின்றது. ஏரி பாதி வற்றியிருந்தது. ராஜாங்கம் ஏரிப் பக்கம் போகவில்லை. கரைக்கு அந்தப் புறம், பிடுங்கிய செடிகளைக் குவித்து வைத்திருந்த ஒரு மல்லாட்டைக் கொல்லையில் இறங்கி நின்றான்.

அவள் திரும்பி வந்தபோது காஸ்பர் போனில் இருந்தான்.

"ஆமாக்கா. பனமலதான். என் கண்ணால பாத்தேன். மனச தேத்திக்க. நான் இன்னா சொல்றது, மாமாதான்." போனைப் பையில் போட்டான்.

"யார்ரா சொல்லச் சொன்னது?"

"அக்கா துடிச்சிக்கிட்டு இருக்குது மேடம். தெரிஞ்சப்புறம் மறைக்கறது பாவம் இல்லயா?"

அன்புக்கரசி அவன் கையைப் பிடித்துக் கரைமேல் இழுத்துக்கொண்டு போனாள். இருவரும் ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். கீழே பேசுவது தெளிவாகக் கேட்டது.

வேப்பமர நிழலில் கூலிப் பெண்கள் நாலைந்து பேர் செடியை உதறிக் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கேமரா பிடித்த பெண் ராஜாங்கத்துக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

"ஐயா, மரக்கால அளந்து போடுங்க. அப்புறம் அப்படியே திரும்பி மோட்டார் கொட்டாய பாருங்க. அந்த நேரம் இவங்க மடில அள்ளுவாங்க."

ராஜாங்கம் திரும்பினான். திரும்பியவன் உடனே கழுத்தை வளைத்துக் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

"ஐயா, நீங்க இந்தப் பக்கம் பாக்கக் கூடாது."

"என் மூஞ்சி தெரியாத வீடியோவுக்கு நான் எதுக்கும்மா செலவு பண்றேன்?"

அடுத்த தடவை அளப்பதற்கு முன்னாலேயே திரும்பிக்கொண்டான். வேலைக்காரப் பெண்களில் மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அளக்காம திரும்பினீன்னா மூட்டையே காணாம பூடும் நைனா."

மற்றவர்கள் விழுந்து சிரித்தார்கள். கரைமேல் இருவரும் சிரிக்கவில்லை.

"காஸ்பர்."

"மேடம்."

"ஆல்பர்ட்டுக்கு நாம இன்னா சொன்னோம்?"

"பனமல ஏரிக்கர. அவிச்ச மல்லாட்டை."

"இங்க இன்னா நடக்குது?"

அவன் கீழே பார்த்தான்.

"இடம் ஆல்பர்ட்டோடது," என்றாள் அன்புக்கரசி. "விசயம் நம்ம மாடியில பேசுனது. மடியப் பத்தி ஆல்பர்ட்டுக்குத் தெரியாது, எஸ்தருக்குத் தெரியாது, விமல்ராஜுக்குத் தெரியாது. ரெண்டும் தெரிஞ்சவங்க மூணே பேரு. நான் சொல்லல. உன் அக்கா தன் தலையில தானே மண்ண போட்டுக்க மாட்டா."

"ராஜாங்கம் ஊர்க்காரன்தான மேடம். அவனுக்கே தோணியிருக்கலாம்ல?"

"தோணியிருக்கும். அவனுக்கே தோணி, இதே ஞாயித்துக்கெழம வீடியோவுக்கு, இதே மோட்டார் கொட்டாயப் பாத்துத் திரும்பணும்னும் தோணியிருக்கும். அளக்கறதுக்கு முன்ன திரும்பறதா பின்ன திரும்பறதான்னு மட்டும் தோணல பாரு."

கீழே கேமராக்காரப் பெண் மறுபடி ஆரம்பித்தாள். காஸ்பர் காலடியில் இருந்த கல்லைப் பொறுக்கி, போடுவதற்கு இடம் தெரியாதவன்போல் கையிலேயே வைத்திருந்தான்.

"எப்பலருந்து?"

"மொதல்லருந்து."

அன்புக்கரசி எழுந்து நின்றாள். உடனே மறுபடி உட்கார்ந்தாள். குவாரியில் ஒருவன் உளியைப் பிடிப்பான், இன்னொருவன் சம்மட்டி போடுவான். உளி பிடிக்கிறவன் சம்மட்டியைப் பார்க்க மாட்டான். பார்த்தால் வேலை ஓடாது. அவள் அப்பாவின் இடது கையில் இரண்டு விரல் இல்லாமல் போனது அப்படித்தான். சம்மட்டி போட்டவன் அன்றைக்குக் குடித்துவிட்டு வந்திருந்தான் என்று அப்பாவுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"நான் உன்ன சந்தேகப்படல," என்றாள். "ஏன் தெரியுமா? அவ தம்பின்னு விட்டேன். அவளும் உன்ன சந்தேகப்படல. என் ஆளுன்னு விட்டா. ரெண்டு பேரும் ஒருத்தர நம்பி ஒருத்தர் உன்ன விட்டுட்டோம். நடுவுல வசதியா ஒக்காந்துட்ட."

"காசு வாங்கல மேடம். சத்தியமா ஒரு பைசா வாங்கல."

"வாங்கியிருந்தாவது புரியும்."

அவன் கல்லைக் கீழே வைத்தான். "மொதல்ல அக்காகிட்டதான் கேட்டேன். வீடியோல நான் பேசறேன், காமெடி பண்றேன்னு. இது யாவாரம்டா, கூத்து இல்லன்னுச்சு. எஸ்தருகூட சிரிச்சா. ராஜாங்கத்துக்கு ஒரு நாள் டீக்கடையில சும்மா ரெண்டு வரி சொன்னேன். அத போட்டான். ஆயிரக்கணக்குல பாத்துட்டு கீழ கேக்கறானுங்க மேடம், இத எழுதுனவன் யாருன்னு. என்ன யாருன்னு இதுவரைக்கும் எவன் கேட்டான்? உங்க கூட நாள் பூரா பேசறேன். நீங்க ஒரு ஆளு சிரிக்கணும். அதுவும் பாதி நேரம் சிரிக்கறதில்ல."

"வரி எழுதிக் குடுத்தா குடுத்துட்டுப் போ. அவ திட்டத்த எதுக்குக் குடுத்த?"

"எழுதறதுக்கு விசயம் வேணும்ல. அக்கா வீட்ல சோறு திங்கறப்ப காதுல விழறத விட்டா என்கிட்ட வேற இன்னா இருக்குது?"

கீழே யாரோ கைதட்டினார்கள். ராஜாங்கம் சரியாகத் திரும்பிவிட்டான் போலிருக்கிறது.

"மூணு வல விரிச்சேன்," என்றாள் அன்புக்கரசி. "ராஜாங்கத்த இந்தப் பக்கம் அனுப்பி உன் மாமன மாட்டிவிட்டியே, ஏன் அவரு? மூணு பேர்ல ஏன் அவர புடிச்ச?"

காஸ்பர் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"யாராவது மாட்டியாகணும். இல்லன்னா நீங்க விட மாட்டீங்க. எஸ்தர் சின்னப் பொண்ணு. விமல்ராஜ் சண்டைக்கு வருவான், நோண்டுவான். மாமா எதுத்து எதுவும் பேச மாட்டாரு."

அன்புக்கரசி தன்னை அடிப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான். கன்னத்தைக்கூட லேசாகத் திருப்பி வைத்திருந்தான். அவள் கையை நீட்டினாள்.

"போன எடு. அவளுக்குப் போடு. ஸ்பீக்கர்ல போடு. அப்ப எனக்குத் தெரியாம சொன்னல்ல, இப்ப என் எதிர்ல சொல்லு."

மணி அடித்தது. மரியசெல்வி எடுத்தாள். கொட்டகையின் தகரம் காற்றில் அடிபடுகிற சத்தம் வந்தது.

"அக்கா," என்றான் காஸ்பர். "மாமா இல்லக்கா."

"இன்னாடா?"

"மாமா செய்யல. நான்தான். மொதல்லருந்து நான்தான் குடுத்தேன்."

தகரம் அடித்தது. ஒரு லாரி போனது. திட்டு வரும் என்று காஸ்பர் கண்ணை மூடிக்கொண்டான்.

"மேடம் இருக்காங்களா?" என்றது குரல்.

"இருக்கேன் மரியா."

"நான் அவர இன்னா கேட்டேன்னு தெரியுமா மேடம்? எஸ்தர் எதிர்ல, புள்ளைங்க எதிர்ல கேட்டேன். நீ ஆம்பளையான்னு கேட்டேன். பொண்டாட்டி சம்பாரிக்கறது உனக்கு வயித்தெரிச்சலான்னு கேட்டேன். பொட்டலம் கட்ற கத்திரிய எடுத்து அவரு மேல வீசுனேன். அவரு வறுத்துட்டு இருந்தாரு. ஒண்ணும் சொல்லல. சட்டிய எறக்கி வெச்சாரு, கருகிடும்னு. அப்புறம் சட்டைய எடுத்து மாட்டிக்கிட்டு போயிட்டாரு. போனு இங்கயே கெடக்குது."

"எந்தப் பக்கம் போனாரு?"

"நான் பாக்கல மேடம். நான் திரும்பிக்கிட்டேன்."

காஸ்பர் போனை நோக்கிக் குனிந்தான். "அக்கா, நான் தேடறேன். நான் போயி அவர் கால்ல விழுந்து கூட்டிட்டு..."

"அவன பேச வேணாம்னு சொல்லுங்க மேடம்."

அன்புக்கரசி ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டாள். கரையை விட்டு இறங்கி, பைக் நின்ற பனைமரத்தைத் தாண்டி, பஸ் போகும் ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். காஸ்பர் பின்னாலேயே இரண்டடி வந்து நின்றுவிட்டான். அது அவன் போன். திருப்பிக் கேட்கவில்லை.

"நீங்க ஆள கண்டுபிடிக்கறவங்கதான?" என்றாள் மரியசெல்வி காதுக்குள். "அவர கண்டுபிடிங்க."

"கண்டுபிடிக்கறேன்."

"ஞாயித்துக்கெழம வீடியோவாம், திட்டமாம். எவ்ளோ பேசுனோம். எடுத்து என்னத்த காட்றது? அவரு எறக்கி வெச்ச சட்டி அப்படியே இருக்குது மேடம். பாதி வறுத்தது. கைய வெச்சுப் பாக்கறேன், எடுத்துக் கடிச்சுப் பாக்கறேன். எனக்குப் பதம் தெரியல."